கோரிடோராஸ் இரண்டு விட்டால் தொட்டி தானாகச் சுத்தமாகிவிடுமா?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2

என்னிடம் 60 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் நியான் டெட்ரா பத்து. போடும் தீவனத்தில் பாதி அடியில் போய்த் தேங்கிப் பஞ்சுபோல் பூசணம் பிடிக்கிறது. கோரிடோராஸ் கெளுத்தி இரண்டு வாங்கி விட்டால் மிச்சத்தை எல்லாம் அவை தின்றுகொள்ளும், தனித் தீவனம் வேண்டாம், தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டாம் என்கிறார்கள். அமைதியான மீன், யாரையும் தொந்தரவு செய்யாது என்றும் கேள்விப்பட்டேன். வாங்கிவிடலாம்தானே?

மார்ச் 2

இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

கோரிடோராஸ், சுருக்கமாகக் கோரி, மிச்சத்தைத் தின்னும் என்பது உண்மை. தின்றது எங்கே போகும்? அதே தண்ணீரில்தான். அழுகும் தீவனத்திலிருந்து வரவேண்டிய அம்மோனியா, மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் வரும். கூடவே இரண்டு உயிர்களின் மூச்சும் அந்தத் தண்ணீரின் பொறுப்பில் சேரும். தண்ணீர் மாற்றும் வேலை கூடுமே தவிரக் குறையாது.

அடியில் தீவனம் தேங்குகிறது என்றால் போடும் அளவு அதிகம். பாதியாகக் குறையுங்கள். நியான் டெட்ராவின் வயிறு மிகச் சிறியது. ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஏற்கெனவே தேங்கியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். உங்கள் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடும், கெளுத்தி இல்லாமலே.

மார்ச் 3

நேற்று எழுதியது வெறும் மறுப்பாக நின்றுவிட்டது. ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

'மிச்சம் தின்னும் மீன்' என்ற பெயரோடு வாங்கப்பட்ட கோரிகள் பட்டினியில் சாவதை நான் பல தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். மேலே நீந்தும் மீன்கள் சுறுசுறுப்பானவை என்றால் அடிக்கு எதுவுமே வந்து சேராது. வந்து சேர்வதும் நீரில் ஊறிச் சத்து கரைந்த துணுக்குதான். மீன் உடனே சாகாது. நாளெல்லாம் மணலைத் துழாவிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் 'நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்வார். அது தேடுகிறது, கிடைக்கவில்லை, அதனால்தான் ஓயாமல் துழாவுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆற்றில் கோரியின் உணவு சிறு புழுக்கள், பூச்சிகளின் இளம்புழுக்கள், நுண்ணிய ஓட்டுயிர்கள். புலாலை முதன்மையாகக் கொண்ட வாய் அது. கண்ணாடியில் படியும் பாசியை அது தின்னாது. மற்ற மீன்களின் கழிவும் அதற்குத் தீவனம் இல்லை. ஆகவே அதற்கென்று மூழ்கும் தீவனம் தனியாகப் போட வேண்டும். வாரத்தில் ஓரிரு முறை உறைய வைத்த ரத்தப்புழு, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு கிடைத்தால் வெறிகொண்டு தின்னும், ஆனால் அந்தப் புழு சாக்கடைச் சேற்றிலும் வளர்வது, எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் நான் போடுவதில்லை.

போடும் முறைக்கும் ஒரு வழி உண்டு. மிதக்கும் தீவனத்தைத் தொட்டியின் ஒரு மூலையில் முதலில் போடுங்கள். மேல்மீன்கள் அங்கே கூடியதும் எதிர் மூலையில் மூழ்கும் தீவனத்தை விடுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். டெட்ராக்கள் ஓய்ந்திருக்கும், கோரி மீசையாலும் மோப்பத்தாலும் இருட்டிலேயே கண்டுபிடித்துவிடும்.

வயிற்றை முன்புறமிருந்து பார்க்கப் பழகுங்கள். பக்கவாட்டில் தெரியாதது முன்புறத்தில் தெரியும். நன்றாகத் தின்னும் கோரியின் அடிவயிறு மெல்ல உருண்டிருக்கும். உள்ளே குழிந்திருந்தால் பட்டினி, அல்லது குடற்புழு.

மார்ச் 6

"என்னிடம் ஒரே ஒரு வெண்கல கோரி இரண்டு ஆண்டாக நன்றாக இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

உயிரோடு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தனிக் கோரி பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னாலோ வேரடியிலோ அசையாமல் கிடக்கும். அதையே அதன் குணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இன்னும் ஐந்தைச் சேர்த்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நடுத்தொட்டிக்கு வரும், வரிசையாக மணலை உழும், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு படுக்கும். அதே மீன்தான் என்று நம்புவது கடினமாக இருக்கும்.

வெண்கல கோரி என்ற இந்த இனத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கவனித்த ஒரு செயல் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டமாகச் செல்லும்போது ஒன்று மற்றொன்றை உடலால் மெல்ல இடிக்கும். சண்டை இல்லை. சேர்ந்து நகர்வதற்கும் கூட்டம் கலையாமல் இருப்பதற்கும் அந்தத் தொடுகை உதவுகிறது. தனியாக இருக்கும் மீனுக்கு இடிக்கவும் ஆளில்லை, இடிபடவும் ஆளில்லை.

ஒரே இனத்தில் ஆறு என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் பத்து. வேறு வேறு இனத்தில் இரண்டிரண்டாக வாங்கி 'ஆறு இருக்கிறதே' என்று கணக்குக் காட்டுவது இந்த மீனிடம் செல்லாது.

மார்ச் 7

மேலே எழுதியதில் ஒரு சிறு தளர்வு: உருவத்திலும் அளவிலும் நெருங்கிய இனங்கள் சில நேரம் சேர்ந்தே திரியும். துணையின்றி மிஞ்சிய ஒன்று வேறு இனக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். ஒன்றுமில்லாததற்கு அது மேல். திட்டமிட்டு வாங்கும்போது அதை நம்ப வேண்டாம்.

மார்ச் 11

அடித்தரை பற்றிக் கேட்டவர்களே அதிகம், விரிவாகவே எழுதுகிறேன்.

கோரி தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கூழாங்கல் போட மாட்டார்கள். முகத்தைக் கண்வரை மணலில் புதைக்கும். வாய் நிறைய மணலை அள்ளும். உள்ளே தின்னத்தக்கது எது என்று சலித்துவிட்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகையாக வெளியேற்றும். இந்தச் செயலுக்காகவே அமைந்த முகம் அது. கூழாங்கல் போட்ட தொட்டியில் இதைச் செய்ய முடியாது. கல்லிடுக்கில் மீசையை நுழைத்துப் பார்த்துவிட்டு விலகிப் போகும், இடுக்கில் விழுந்த தீவனம் அங்கேயே அழுகும்.

மீசை தேய்வதற்குக் காரணம் கல்லின் கூர்மையா, அழுக்கா என்று நெடுநாளாக ஒரு வாதம் நடக்கிறது. கூழாங்கல்லில் ஆண்டுக்கணக்காக முழு மீசையோடு வாழும் கோரிகள் உண்டு. நல்ல மணலில் மீசை அழிந்த கோரிகளும் உண்டு. இரண்டையும் பார்த்த பிறகு என் கருத்து: முதல் குற்றவாளி அழுக்கு. தேங்கிய கழிவில் பெருகும் பாக்டீரியா, மீசையில் ஏற்படும் சிறு காயத்தில் புகுந்து அதை அரிக்கிறது. கூரான கல் அந்தக் காயத்தைத் தருகிறது, கல்லிடுக்கு அந்த அழுக்கைச் சேமித்து வைக்கிறது. எனவே 'கல்லா, அழுக்கா' என்று பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மெல்லிய மணலைப் போட்டு அதைச் சுத்தமாகவும் வைத்துக்கொண்டால் இரண்டு கட்சியினரும் சொல்வதைச் செய்ததாகிவிடும்.

மணலைத் தேர்ந்தெடுக்கும்போது விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உறுத்தக் கூடாது. மேலே சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். பவழ மணல் அப்படிப்பட்டது. சாயம் பூசிய மணலும், உடைத்த கண்ணாடித் துகளும் கண்ணுக்கு அழகு, கோரியின் வாய்க்குக் கேடு.

இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் போட்டால் கீழடுக்கில் காற்றுப் புகாமல் கறுத்துப் போகும். வேருள்ள செடி வேண்டும் என்றால் பின்வரிசையில் மட்டும் உயர்த்திக்கொள்ளலாம், அல்லது வேரே வேண்டாத ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றைக் கட்டையில் கட்டிவிடலாம். புதிதாக நட்ட மெல்லிய செடியைக் கோரிகள் பிடுங்கிவிடும். பகையினால் செய்வதில்லை, வேரடியில் புழு இருக்கிறதா என்று பார்க்கப் போவதில் செடி மிதந்துவிடுகிறது.

தொட்டியின் முன்பகுதியில் ஓர் உள்ளங்கை அகலமாவது வெற்று மணல் விட்டுவிடுங்கள். அதுதான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு.

மார்ச் 12

தேய்ந்த மீசை திரும்ப வளருமா? அடி மிச்சமிருந்தால் சுத்தமான நீரில் மெல்ல வளரும், பழைய நீளத்தை எட்டாமலும் போகலாம். அடியோடு அழிந்து வாயோரமும் அரிக்கப்பட்டிருந்தால் அதை எதிர்பார்க்க வேண்டாம். தீவனத்தை எளிதில் கிடைக்கும்படி ஒரே இடத்தில் போட்டுப் பழக்குங்கள்.

மார்ச் 17

"திடீரென்று அம்புபோல் மேலே பாய்ந்து, நீர்மட்டத்தைத் தொட்டு, மறுபடி அடிக்கே போய்விடுகிறது. நோயா?"

இல்லை. அது மூச்சு. கோரி செவுளாலும் மூச்சு விடும், குடலாலும் விடும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்று உணவுப் பாதை வழியே போய், ரத்த நாளங்கள் அடர்ந்த குடலின் பின்பகுதியில் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு ஆசனவாய் வழியே குமிழாக வெளியேறும். ஆக்சிஜன் குறைந்த தேங்குநீரிலும் பிழைத்திருக்க இயற்கை கொடுத்த வழி.

எப்போதாவது பாய்வது இயல்பு. ஒரே மீன் ஓயாமல் பாய்ந்தாலோ, எல்லாம் சேர்ந்து பாய ஆரம்பித்தாலோ தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். நைட்ரைட் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும்; நீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். தண்ணீர் சூடாகிவிட்டாலும் இதே காட்சிதான், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடி போடாதீர்கள். மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும். தொட்டி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே இந்த மீனுக்கு நல்லது: ஏறி இறங்கும் தூரம் குறையும், மேயும் தரை கூடும்.

மார்ச் 18

விராலும் இப்படித்தானே என்று கேட்டவருக்கு: மேலே வந்து காற்றைக் குடிப்பது ஒன்றுதான், உறுப்பு வேறு. விராலுக்குத் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றறை இருக்கிறது. கோரி குடலைப் பயன்படுத்துகிறது. கண்ணடிப்பதுபோல் தெரிகிறதே என்று கேட்டவருக்கு: இமை கிடையாது. கண்விழியை மொத்தமாகக் கீழ்நோக்கி உருட்டித் திரும்பக் கொண்டுவருகிறது. நேருக்கு நேர் பார்த்திருந்தவர்களுக்கு அது ஒரு நலம் விசாரிப்பாகவே தோன்றும். எனக்கும் தோன்றுகிறது, தோன்றிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 24

வெப்பநிலையைப் பற்றி எழுதத் தாமதித்துவிட்டேன், இதில்தான் அதிக மீன்கள் சத்தமில்லாமல் போகின்றன. 'வெப்பமண்டல மீன், 24 முதல் 28' என்று எல்லாக் கோரிக்கும் ஒரே சீட்டு ஒட்டுகிறார்கள். ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே, டிரினிடாட் தீவு தொடங்கி அர்ஜென்டினா வரை பரவிய மீன்களுக்கு ஒரே வெப்பநிலை எப்படிப் பொருந்தும்?

மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி கொண்ட பேலியேட்டஸ் என்ற கோரி தெற்கே, லா பிளாட்டா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களிலிருந்து ஆங்கில இயற்கையியலாளர் ஜெனின்ஸ் 1842இல் விவரித்த இனம். குளிர்ந்த நீர் அதற்குப் பழக்கம். 18 முதல் 23 டிகிரியில் துள்ளும், 28இல் துவளும். பெருவின் உகயாலி ஆற்றுப் படுகையிலிருந்து வரும் பாண்டா கோரியும் குளிர்ச்சியை விரும்புவது, 20 முதல் 25 போதும். பிரேசில், பொலிவியா எல்லையில் குவாப்போரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஸ்டெர்பாய் கோரி இதற்கு நேர்மாறு, 28 டிகிரியிலும் சுகமாக இருக்கும். சூடான நீர் வேண்டும் டிஸ்கஸ் மீனை வளர்ப்பவர்கள் ஸ்டெர்பாயைத் தேடுவது அதனால்தான். வெண்கல கோரி இவற்றுக்கு நடுவே, 22 முதல் 26 வரை நிம்மதி.

அறை எப்போதும் சூடாக இருக்கும் என்றால் ஸ்டெர்பாயைத் தேர்ந்தெடுங்கள், ஹீட்டர் இல்லாமல் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும் என்றால் பேலியேட்டஸ். மீனை வாங்கிவிட்டு அறையை மாற்ற முடியாது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் ஏதேனும் ஒன்று எப்போதும் அவதிப்படும்.

மார்ச் 25

பெயர்க் குழப்பம் தீர ஒரு வார்த்தை. 1803இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் உருவாக்கிய கோரிடோராஸ் என்ற பேரினத்தை 2024இல் வெளிவந்த ஆய்வு பிரித்துவிட்டது. நாம் வழக்கமாக வளர்க்கும் பல கோரிகள் அறிவியல் பெயரில் இப்போது கோரிடோராஸ் இல்லை. வெண்கல கோரி ஆஸ்டியோகாஸ்டர் அய்னியா. பேலியேட்டஸ், பாண்டா, ஸ்டெர்பாய் மூன்றும் ஹோப்லிசோமா. பிக்மி, ஹாஸ்டேட்டஸ் என்ற இரண்டு குட்டி இனங்களும் காஸ்ட்ரோடெர்மஸ். நீண்ட மூக்குள்ளவையே பழைய பெயரில் மிஞ்சியிருக்கின்றன. மீனைத் தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டிலும் தேடுங்கள். பேச்சில் எல்லாமே கோரிதான், அதில் தவறில்லை.

ஏப்ரல் 1

துணை மீன்கள். கோரியால் மற்றவற்றுக்குத் தொல்லை இல்லை என்பது சரி. மற்றவற்றால் கோரிக்கு என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

டெட்ரா, ராஸ்போரா, சிறு டேனியோ போன்றவை நல்ல அயலார். தரையை உரிமை கொண்டாடும் சிக்லிட்கள் ஆகாது. முட்டையிட்ட சிக்லிட் தன் எல்லைக்குள் வரும் எல்லாவற்றையும் விரட்டும், கோரிக்கோ எல்லை என்பதே புரியாது, திரும்பத் திரும்ப அங்கேயே போய் அடிவாங்கும். வாய் பெரிய மீனுடன் விடவே கூடாது. கோரியின் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் கனத்த முள் இருக்கிறது. ஆபத்தில் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்கிய மீனின் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும்.

அந்த முள் கைவலையிலும் மாட்டும். இழுத்துப் பிரித்தால் துடுப்பு கிழியும். நான் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓட்டிப் பிடிப்பதுதான் வழக்கம். கையில் குத்தினால் சுருக்கென்று வலிக்கும். ஆற்றுக் கெளுத்தியிடம் குத்துப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்புத் துடுப்பின் அடியில் நச்சுச் சுரப்பி உண்டு. மிரண்ட கோரி குறுகிய பைநீரில் அந்தச் சுரப்பை விட்டுத் தானும் தன் கூட்டமும் அதிலேயே மயங்குவதை வளர்ப்பவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். எடுத்துச் செல்லும்போது ஒரே பையில் நெருக்கி அடைக்காதீர்கள். வழியில் தண்ணீர் நுரைத்தால் புதிய நீருக்கு மாற்றுங்கள்.

ஏப்ரல் 9

"கெளுத்திக்குச் செதில் இல்லை, மருந்தே போடக் கூடாது" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். பாதி சரி. கோரிக்குச் செதில் இல்லை, ஆனால் வெற்றுத் தோலும் இல்லை. உடலின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் இரண்டிரண்டு வரிசையாக மூடியிருக்கின்றன. கவசம் பூண்ட கெளுத்தி. வயிற்றுப்புறம் மட்டும் மென்மையானது.

மருந்தில் கவனம் வேண்டும் என்பது சரி. தாமிரம், ஃபார்மலின், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளைச் சீட்டில் உள்ள முழு அளவில் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். பாதியில் தொடங்கி, மீனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காற்றுக்குமிழைக் கூட்டுங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரைச் சூடாக்கும் முறை ஸ்டெர்பாய்க்குத் தாங்கும், பேலியேட்டஸுக்கு அதுவே தண்டனை.

உப்பை நான் இந்தத் தொட்டியில் போடுவதில்லை. மென்மையான, உப்புச் சத்து மிகக் குறைந்த நீரிலிருந்து வந்த மீன். குறைந்த அளவைத் தாங்கும் என்று சிலர் சொல்கிறார்கள், தாங்குவதற்கும் நல்லதாக இருப்பதற்கும் இடைவெளி உண்டு. புதிய மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்து பிறகு சேர்த்தால் இந்தப் பத்திக்கே வேலை இருக்காது.

ஏப்ரல் 19

முட்டை பற்றிய படம் ஒன்றை வாசகர் அனுப்பியிருந்தார். முன்கண்ணாடி முழுவதும் வெண்முத்துகள். வாழ்த்துகள், மனமாரச் சொல்கிறேன். தண்ணீரை மாற்றிய மறுநாள் நடந்தது என்கிறார். சற்றே குளிர்ந்த புதிய நீர் விட்டால் மழை வந்துவிட்டது என்று கோரி எடுத்துக்கொள்கிறது.

இணையும் முறை அதிசயமானது. ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் அதன் வயிற்றருகே வாயை வைத்து ஆங்கில 'டி' எழுத்துபோல் குறுக்காக நிற்கும். 1995இல் வெளியான ஆய்வு ஒன்று வெண்கல கோரியில் இதைக் கண்டறிந்தது: பெண் ஆணின் விந்தைக் குடிக்கிறது, அது குடல் வழியே விரைந்து சென்று, இடுப்புத் துடுப்புகளைக் கூப்பிப் பிடித்திருக்கும் முட்டைகள்மீது வெளியேறுகிறது. மூச்சுக்கும் அதே குடல், கருவுறுதலுக்கும் அதே குடல். பிறகு முட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டும். மறுபடி வந்து நிற்கும்.

முட்டையிட்ட பிறகு பெற்றோருக்கு அது தீவனம். காப்பாற்ற வேண்டுமென்றால் விரல் நுனியால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய சிறு பெட்டியில், காற்றுக்குமிழோடு வையுங்கள். பால்வெள்ளையாகப் பூசணம் பிடித்தவற்றை அன்றாடம் நீக்குங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். மஞ்சள்கரு தீர்ந்ததும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா. குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பசியால் இல்லை, பெட்டியடியில் மிஞ்சி அழுகும் தீவனத்தால். அடியை நாள்தோறும் துடையுங்கள்.

1878இலேயே பாரிஸில் பேலியேட்டஸ் தொட்டியில் இனப்பெருக்கம் செய்திருக்கிறது. மின்சார ஹீட்டரும் மின்மோட்டார் ஃபில்டரும் இல்லாத காலம். இந்த மீனுக்குப் பொறுமையான கைதான் முதல் தேவை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஏப்ரல் 27

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தீவனத்தைக் குறைத்தாராம், பூசணம் நின்றுவிட்டதாம். "இப்போது சுத்தம் செய்ய ஆள் வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபின் கோரி வளர்க்க ஆசை வந்துவிட்டது. 60 லிட்டரில் எது?"

பத்து நியான் இருக்கும் தொட்டியில் பிக்மி எட்டு விடலாம். முழு வளர்ச்சியிலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: பிக்மியும் ஹாஸ்டேட்டஸும் மற்றவைபோல் தரையிலேயே கிடப்பதில்லை, நடுநீரில் கூட்டமாக மிதந்து நிற்கும், இலைமேல் இறங்கி உட்காரும், மறுபடி எழும். தரையில் உழுவதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பாண்டா ஆறு. அதற்கு நீளமான தொட்டி வேண்டும், உங்களுடையது உயரத் தொட்டியாக இருந்தால் வேண்டாம். நியானுக்கும் பாண்டாவுக்கும் 23, 24 டிகிரி ஒத்துப்போகும்.

பிக்மியின் வாய் மிகச் சிறியது. மூழ்கும் உருண்டையை நொறுக்கிப் போடுங்கள். ஃபில்டரின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

மே 10

பெயர்ப்பலகையில் 'சிறிய அமைதியான கெளுத்தி' என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம். சக்கர் என்று விரல் நீளத்தில் விற்கப்படும் பிளெகோ பெரும்பாலும் முப்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வது. வளர்ந்தபின் ஆற்றிலோ குளத்திலோ விடுகிறார்கள். பல நாடுகளின் நீர்நிலைகளில் அது பெருகிப் பிற மீன்களுக்குக் கேடாகியிருக்கிறது. ஒருபோதும் விடாதீர்கள்.

உண்மையிலேயே பாசி தின்னும் சிறு கெளுத்தி வேண்டுமென்றால் ஓட்டோசின்க்ளஸ். அதுவும் கூட்டத்தில் வாழ்வது. பாசி தீர்ந்தால் பட்டினி கிடப்பது. புதிய தொட்டியில் விட்டால் நிலைக்காது, சில மாதம் பழகிய தொட்டியில் விடுங்கள்.

மே 23

"ஒரே கூட்டத்தில் வாங்கியவற்றில் இரண்டுக்கு மட்டும் மூக்கு நீளமாக இருக்கிறது. ஊனமா?"

வேறு இனமாக இருக்கும். எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான். ஒரே ஆற்றில் வாழும் வெவ்வேறு மரபுக் கோரிகள் ஒரே நிறக்கோலத்தை அணிந்திருப்பதை 2011இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. முள்ளும் நச்சும் உள்ளவை ஒரே அடையாளத்தைப் பகிர்ந்துகொண்டால், ஒன்றைக் கடித்துப் பாடம் கற்ற வேட்டைமீன் எல்லாவற்றையும் விட்டுவிடும். சேர்ந்து வாழ்பவை பல நேரம் ஒரே தீனிக்குப் போட்டியிடுவதும் இல்லை. நீள மூக்குள்ளது ஆழமாகத் தோண்டும், குட்டை மூக்குள்ளது மேல்மணலைச் சலிக்கும். பிடிப்பவர்கள் வலையில் வந்ததை ஒன்றாகவே அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் இரண்டையும் பிரிக்க வேண்டாம், முடிந்தால் நீள மூக்கில் இன்னும் சிலவற்றைத் தேடிச் சேருங்கள். மணலின் உயரத்தை ஒரு மூலையில் மட்டும் சற்றுக் கூட்டிவையுங்கள், தோண்டட்டும்.

ஜூன் 8

"ஆறில் இரண்டு முதுமையில் போய்விட்டன. மிச்சம் நான்கும் வயதானவை. புதியவற்றைச் சேர்க்கலாமா?"

சேருங்கள். நல்ல பராமரிப்பில் கோரி பத்து ஆண்டைத் தாண்டியும் வாழும். நான்காகக் குறைந்த கூட்டத்தை நீண்ட காலம் அப்படியே விட வேண்டாம். அதே இனத்தில் மூன்று அல்லது நான்கு இளையவற்றை வாங்கித் தனித்தொட்டியில் சில வாரம் வைத்திருந்து, தின்கின்றனவா, வயிறு உருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். முதியவை மெதுவாகத் தின்னும். தீவனத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு இடத்தில் போடுங்கள்.